சாப்பாட்டு மேசைக்கு மேலே ஓர் ஓட்டை

மார்ச் 8, சனி

இன்று காலை சீலிங்கில் இருந்து ஒரு துண்டு பிய்ந்து விழுந்தது. நேரே புட்டுக்குள். என் கணவர் கிருபா தேங்காய்ப்பூ என்று நினைத்துக் கரண்டியால் அள்ளிவிட்டார். வாய்க்குக் கொண்டுபோக முதல் நான் கையைப் பிடித்தேன்.

மேசைக்கு மேலே இருக்கும் அந்த ஓட்டைக்கு ஏழு மாதம் ஆகிறது. போன ஓகஸ்டில் மேல்மாடிக் குளியலறைக் குழாய் ஒழுகி, சீலிங் ஊறித் தொங்கி, தலையணை அளவு துண்டு கீழே வந்தது. கிருபா குழாயைத் திருத்தினார். ஓட்டையின் மேல் கறுப்புக் குப்பைப் பையை ஒட்டிவிட்டு, "வடிவாக் காயட்டும், பேந்து செய்யிறன்" என்றார். இன்னும் காய்கிறது. ஹீற்றர் ஓடும்போது பை ஊதிச் சுருங்கும். மேலே யாரோ படுத்திருந்து மூச்சு விடுகிற மாதிரி இருக்கும்.

இன்றும் அதையே சொன்னார். "நாளைக்கு வான்கூவர் லோட். வந்து செய்யிறன், மலர்."

"எந்த வருசம் வந்து?"

"உமக்கு எப்பவும் அவசரம்" என்று புட்டில் விழுந்த துண்டைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டார்.

பின்னேரம் பக்கத்து ஊரான மார்க்கத்தில் இருந்து மச்சாள் சுபோதினி போன் எடுத்தாள். மாமாவின் மகள். எங்கள் குடும்பச் செய்திகள் எல்லாம் அவள் வழியாகத்தான் வரும், போகும்.

"மலர், தவமக்கா பாரிசில இருந்து வாறா. பதினேழாம் திகதி. அத்தானின்ர பக்கத்துக் கலியாணமாம். என்னோடதான் நிப்பா."

"வரட்டும். எயர்போட் எல்லாருக்கும் பொதுதானே" என்றேன்.

தவமலர் என் கூடப் பிறந்த அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவர். நாங்கள் கதைத்துப் பதினொரு வருடம்.

போனை வைத்துவிட்டு ஏணியில் ஏறி ஓட்டையை அளந்தேன். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அளக்கவேணும் போல் இருந்தது, அளந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுகிற நாள். கிருபா விடிய வெள்ளனவே லொறியோடு போய்விட்டார். திரும்ப இருபத்துமூன்றாம் திகதி ஆகும். பள்ளிக்கூடங்களுக்கு நாளையில் இருந்து ஒரு கிழமை விடுமுறை. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற எனக்கும் விடுமுறைதான். சும்மா இருந்து என்ன செய்வது? ஓட்டையை நானே அடைக்கலாம் என்று இருக்கிறேன். பனிக்காலம் முழுக்க நாற்பத்தாறு பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன். ஓர் ஓட்டை என்னை என்ன செய்துவிடும்?

மார்ச் 10, திங்கள்

கட்டடச் சாமான் கடைக்குப் போனேன். அங்கே நிற்கும் டெப்பி ட்ரினிடாட்காரி. என் வயதிருக்கும். "ஓட்டை எவ்வளவு பெரிது?" என்று கேட்டாள். கையை விரித்துக் காட்டினேன். கொஞ்சம் யோசித்தாள்.

"முதலில் ஒரு சின்ன ஓட்டையில் பழகு. பெரியது எங்கேயும் ஓடிப்போகாது."

சின்ன ஓட்டையும் எங்கள் வீட்டில் இருந்தது. கதவுப் பிடி இடித்து இடித்து நடைபாதைச் சுவரில் விழுந்த குழி. இந்தக் கனடா வீடுகளின் உள்சுவரில் கல்லும் கிடையாது, சீமெந்தும் கிடையாது. இரண்டு தடித்த கடதாசிக்கு நடுவில் ஜிப்சம் மாவை வைத்து அழுத்திய ட்ரைவோல் பலகையை மரச்சட்டங்களில் அடித்திருப்பார்கள். அதில் பூசுகிற பசைக்கு இங்கே 'மட்' என்று பெயர். பார்க்கக் கட்டித் தயிர் மாதிரி இருக்கும்.

டெப்பி சொன்ன முறையை நான் பாதிதான் கேட்டேன். வீட்டுக்கு வந்து, குழிக்குள் இலவசத் தமிழ்ப் பேப்பரைக் கசக்கி அடைத்து, மேலே மட் பசையை அப்பினேன். அச்சுவெல்லம் மாதிரி அழகாக நின்றது. அரை மணித்தியாலத்தில் எல்லாம் சேர்ந்து 'தொப்' என்று சுவருக்குள் விழுந்தது. யாரோ ஓர் ஓய்வுபெற்ற தபாலதிபரின் மரண அறிவித்தல் இப்போது என் சுவருக்குள் இருக்கிறது. பாவம் மனிசன்.

இந்தச் சுவரை அக்காவும் ஒருமுறை தொட்டிருக்கிறார். நாங்கள் வீடு வாங்கிக் குடிபுகுந்த அன்று பாரிசில் இருந்து வந்திருந்தார். பத்துப் பேர் நிற்க, விரல் மொட்டியால் சுவரைத் தட்டினார். "என்னடி இது, மட்டைப்பெட்டி மாதிரிச் சத்தம் கேக்குது? ஊரில அம்மாவின்ர கல்வீட்டுக்குக் கிட்ட நிக்குமோ?" எல்லோரும் சிரித்தார்கள். கிருபாவும் சிரித்தார். அன்றைக்கே அக்கா கோபித்துக்கொண்டு போய்விட்டார். ஒரு சின்னச் சொல்லும் தாங்கமாட்டாத ஆள்.

மார்ச் 11, செவ்வாய்

திரும்பவும் டெப்பி. இம்முறை முழுதும் கேட்டேன், கொப்பியில் எழுதியும் கொண்டேன். ஓட்டையை அடைக்க முதல் அதைப் பெரிதாக்கச் சொல்கிறாள்! சிதைந்த விளிம்பை எல்லாம் வெட்டிச் சதுரமாக்கி, உள்ளே ஒரு மரத்துண்டைக் குறுக்காகத் திருகி, அதன்மேல் அளவாக வெட்டிய புதுத்துண்டைப் பொருத்த வேண்டும். பிறகு இடைவெளியின் மேல் கடதாசி நாடா, அதன்மேல் மட். மெல்லிசாக மூன்று தரம். ஒவ்வொரு தரமும் முந்தினதைவிட அகலமாக.

செய்தேன். முதற்பூச்சு முடிந்தது.

மார்ச் 12, புதன்

காயவில்லை.

மார்ச் 13, வியாழன்

காய்ந்தது. மிச்ச இரண்டு பூச்சையும் மெல்லிசாகப் பூசி, காற்றாடியை வைத்துக் காயவைத்து, சாண்ட் பேப்பரால் தேய்த்தேன். தூசி கிளம்பி, புகை எச்சரிக்கை மணி கத்தத் தொடங்கியது. நான் வீடு கூட்டுகிற தும்புத்தடியால் அதைக் குத்தி நிறுத்தப் போய் மூடியைக் கழற்றிவிட்டேன். அது கீழே விழுந்தும் கத்தியது. கடைசியில் பற்றறியைப் பிடுங்கினேன்.

ஆனால் சுவர்! இரவு டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு கோடு இல்லை. நடைபாதையால் போகும்போதெல்லாம் கை தானாக அந்த இடத்துக்குப் போகிறது. இன்றைக்குத் தேவையில்லாமல் நாலு தரம் மேலே போய் வந்தேன்.

மார்ச் 14, வெள்ளி

சீலிங்கை வெட்டினேன். கறுப்புப் பையைப் பிய்த்தபோது அதற்குள் சேர்ந்திருந்த தூள் முழுதும் என் தலையில். ஊறிய பகுதி மட்டும் போதாது, இரண்டு பக்கமும் மரச்சட்டத்தின் நடுவரை வெட்டவேண்டும் என்று டெப்பி சொல்லியிருந்தாள். புதுப் பலகையைத் திருக இடம் வேண்டுமே. வெட்டி முடித்தபோது தலையணை அளவு ஓட்டை, நாலடிக்கு நாலடி ஆகிவிட்டது. மேலே பார்த்தேன். குளியலறையின் அடிப்பக்கமும் கிருபா பொருத்திய குழாயும் தெரிந்தன. குழாயை நன்றாகத்தான் பொருத்தியிருக்கிறார். அதைச் சொல்லவேண்டும்.

அந்த நேரம் பார்த்து அவரே போன் எடுத்தார்.

"என்ன செய்யிறீர்?"

"சும்மா நிக்கிறன்."

"ஏன் குரல் மேல இருந்து கேக்குது?"

"உங்கட போன் பழசு."

"மலர், நீர் ஏணியில ஏறாதையும். நான் வந்து செய்யிறன்."

"ஓம், ஓம்" என்று சொல்லிவிட்டு ஏணியில் இருந்து இறங்கினேன்.

மார்ச் 15, சனி

கழுத்துத் திரும்பவில்லை. தலையணையை நிமிர்த்தி வைத்து இருந்தபடி நித்திரை கொண்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

சுபோதினி எடுத்தாள். நாளைக்குப் பின்னேரம் அக்கா வந்து இறங்குகிறாராம். "நீ இப்பவும் அதே வீட்டிலயோ எண்டு கேட்டவ" என்றாள்.

"ஏனாம்?"

"எனக்கென்ன தெரியும்? கேட்டவ, சொன்னன்."

போன் வைத்த பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. திங்கட்கிழமை நான் எழுதியதை எடுத்துப் படித்தேன். அக்கா கோபித்துக்கொண்டு போனார் என்று எழுதியிருக்கிறேன். ஏன் போனார் என்று எழுதவில்லை.

எல்லோரும் சிரித்தபோது நான் கையில் இருந்த பலகாரத் தட்டை மேசையில் வைத்துவிட்டு, அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "அந்தக் கல்வீட்டில அம்மாவைத் தனிய விட்டுட்டு ஓடினது நீதானே?"

பிறந்ததில் இருந்து 'நீங்கள்' என்று கூப்பிட்ட அக்காவை அன்றுதான் 'நீ' என்றேன். அவர் கோட்டை எடுத்துப் போட்டார், ஒரு கை உள்ளே போகமாட்டேன் என்று நின்றது, மற்றக் கையால் பிடித்துப் போட்டார், போனார்.

அக்கா தொண்ணூற்றொன்றில் ஊரைவிட்டு வெளிக்கிட்டார். நான் தொண்ணூற்றொன்பதில் வெளிக்கிட்டேன். அம்மா இரண்டாயிரத்தேழில் காலமானார். சண்டையால் ஊருக்குப் போகிற பாதை பூட்டிக் கிடந்த வருடம். இரண்டு பேராலும் போக முடியவில்லை. அப்படியிருக்க நான் அக்காவைக் கேட்டேன்.

போதும். நாளைக்கு பஸ் தொடங்குகிறது.

மார்ச் 17, திங்கள்

இன்று நான் எயர்போட் பக்கம் போகவில்லை. என் பஸ் அந்தப் பக்கம் போகாது.

மார்ச் 18, செவ்வாய்

காலை ஓட்டம் ஒன்பது மணிக்கு முடியும். பின்னேர ஓட்டம் இரண்டு மணிக்கு. நடுவில் உள்ள நேரம் என்னுடையது. கடையிலேயே பலகையை நாலடிக்கு நாலடி வெட்டித் தந்தார்கள். காரின் பின்சீற்றை மடித்து, டெப்பியும் நானும் சரித்து ஏற்றினோம்.

"யார் பிடிப்பது?" என்று கேட்டாள்.

"எதை?"

"நீ திருகும்போது பலகையை மேலே யாராவது பிடிக்கவேண்டுமே."

"ஆள் இருக்கு" என்றேன். ஆள் இல்லை. தும்புத்தடியின் நுனியில் ஒரு குறுக்குச் சட்டம் அடித்து முட்டுக்கொடுக்க ஒரு தடி செய்தேன். அது போதும்.

வீட்டை மேலிருந்து கீழ்வரை துடைத்தேன். தூசி வேலை தொடங்க முதல் வீடு துப்புரவாக இருக்கவேண்டும். வரும் வழியில் மீன்கடையில் கணவாய் வாங்கினேன். கிருபா கணவாய் சாப்பிடமாட்டார், எனக்கும் ஒத்துவராது. ஆனால் நல்ல புதிது.

மார்ச் 19, புதன்

தோளும் கையும் நோகிறது. எழுத்துக் கோணலாக வரும், பரவாயில்லை.

பதினொன்றரைக்குத் தொடங்கினேன். விளிம்பு நிற்க ஓட்டையின் ஓரம் இரண்டு மரத்துண்டு திருகினேன். பிறகு பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். அது வரைக்கும் எல்லாம் வடிவாகத்தான் போனது. மற்றப் பக்கத்துக்கு முட்டுக்கொடுத்த தும்புத்தடி 'டக்' என்று முறிந்தது. பலகை சரிந்தது. ஒரு பக்கம் என் தலையில், மற்றப் பக்கம் கையில். கீழே வைக்கவும் முடியவில்லை, மேலே தள்ளவும் முடியவில்லை.

அப்போது வாசலில் மணி அடித்தது.

பார்சல்காரனாக இருக்கும் என்று நினைத்தேன். "கதவு திறந்திருக்கு, உள்ளே வா!" என்று இங்கிலிஷில் கத்தினேன்.

சப்பாத்துச் சத்தம் நடைபாதையால் வந்தது. அறை வாசலில் அக்கா நின்றார். மண்ணிற கோட். கையில் ஒரு கேக் பெட்டி. முன்பக்கத் தலைமயிர் முழுக்க நரைத்திருந்தது. பதினொரு வருடத்துக்குப் பிறகு நான் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை இது:

"பிடியுங்கோ!"

"எதையடி?"

"இதைத்தான்! கதிரையில ஏறி அந்தப் பக்கத்தைப் பிடியுங்கோ, விழப்போகுது!"

அக்கா கேக் பெட்டியை நிலத்தில் வைத்தார். சப்பாத்தோடும் கோட்டோடும் என் சாப்பாட்டுக் கதிரையில் ஏறி, இரண்டு கையாலும் பலகையைத் தாங்கினார். அவர் எப்போதும் அப்படித்தான். முதலில் பிடிப்பார், பிறகு ஏசுவார்.

"சுபோதினி கலியாணச் சாறிக்கு எண்டு கூட்டிக்கொண்டு வந்து, உன்ர வாசலில இறக்கிப்போட்டு ஓடிட்டாள். அரை மணித்தியாலத்தில வாறாளாம். இப்ப என்ன செய்யிறது?"

"தள்ளிப் பிடியுங்கோ. ஸ்குறூ அடிக்கிறன். அசையாதேங்கோ."

என் மூலையில் ஒன்று. அடுத்த மூலையில் ஒன்று. மூன்றாவது பாதி போனதும் ட்றில் முனகிக்கொண்டு நின்றது.

"ஏன் நிண்டுட்டுது?"

"பற்றறி முடிஞ்சுது."

"வேற இல்லையோ?"

"கீழ் அறையில சார்ஜில கிடக்கு."

"போய் எடன்."

"விட்டால் விழும் அக்கா. ரெண்டு ஸ்குறூவில நிக்காது, கிழிச்சுக்கொண்டு வரும். பன்னிரண்டு கிலோ. ஒராள் தனியத் தாங்கேலாது."

அப்படியே நின்றோம். நான் ஏணியில், அக்கா கதிரையில், தலைக்கு மேலே பலகை. இரண்டு முகத்துக்கும் நடுவில் இரண்டடி இடைவெளி. வேறு எங்கும் பார்க்க வழியில்லை. அக்காவின் மூக்கில் வெள்ளைத்தூள் இருந்தது.

"இதுக்கெல்லாம் ஆக்களைக் கூப்பிடுறது" என்றார்.

"நானே செய்வன்."

"ஓம், தெரியுது."

நான் பாரத்தை மற்றக் கைக்கு மாற்றினேன். இனிச் சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று பட்டது.

"அக்கா, அண்டைக்கு நான் சொன்னது பிழை."

"எண்டைக்கு?"

அவருக்குத் தெரியும். ஆனால் என் வாயால் வரவேண்டும்.

"வீடு குடிபுகுந்த அண்டைக்கு. அம்மாவைப் பற்றிச் சொன்னது. உங்களை 'நீ' எண்டு சொன்னது."

அக்கா பலகையைப் பார்த்தார். "இதைச் சொல்லப் பதினொரு வருசமா ஒரு போன் கிடைக்கேல்லையோ உனக்கு?"

"நீங்களும் எடுக்கேல்லைத்தானே."

"நான் அக்கா. நான் ஏன் எடுக்க?"

நான் என் பக்கத்தை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளினேன். அவரே தொடர்ந்தார். குரல் இறங்கியிருந்தது.

"நான் ஓடேல்லை, மலர். அம்மாதான் போ எண்டவ. 'எனக்கென்ன, நான் இருப்பன், நீ போ' எண்டு பஸ்சடி வரைக்கும் வந்து ஏத்திவிட்டவ. 'தங்கச்சிக்குச் சொல்லாதை, தானும் வாறன் எண்டு அழுவாள்' எண்டவ. அதுதான் உனக்கு ஒருநாளும் சொல்லேல்லை."

எனக்குக் கை மரத்துப்போய் இருந்தது. அதையும் மறந்துவிட்டேன்.

"எனக்கும் அப்பிடித்தான் சொன்னவ" என்றேன். "கனடாவுக்கு வெளிக்கிடேக்க. 'நீ போ, நான் இருப்பன். அக்காவுக்குச் சொல்லாதை, என்னைத் தனிய விட்டுட்டுப் போறாய் எண்டு உன்னை ஏசுவாள்' எண்டவ. நானாத்தான் வெளிக்கிட்டனான் எண்டு உங்களுக்குச் சொன்னன்."

அக்கா என்னையே பார்த்தார். கண் நிறைந்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"கெட்டிக்காரி! ரெண்டு பேரையும் பேய்க்காட்டிப் போட்டா!"

எனக்கும் சிரிப்பு வந்தது. பலகை கிடுகிடு என்று ஆடியது.

"சிரிக்காதேங்கோ அக்கா, விழப்போகுது!"

"நீ முதல் நிப்பாட்டு!"

நிப்பாட்ட முடியவில்லை. கண்ணீர் தூளோடு சேர்ந்து கன்னத்தில் மட் பசையாக இறங்கியது. மணி ஒன்றாகியிருந்தது. ஒன்றே முக்காலுக்கு நான் பஸ்சில் இருக்கவேண்டும். நாற்பத்தாறு பிள்ளைகள்.

"நீ போய்ப் பற்றறியை எடு" என்றார் அக்கா. "நான் நிப்பன்."

"மாட்டன்."

"எத்தினை படி?"

"பதின்மூண்டு. ஆனா..."

"பதின்மூண்டு படி இறங்கி ஏற எவ்வளவு நேரம் போகும்? நான் எண்ணுறன். ஓடு."

பலகையின் நடுவுக்குத் தலையைக் கொடுத்தார். கையை அகட்டிப் பிடித்தார். "ஒண்டு" என்றார்.

நான் விட்டேன். ஓடினேன். படியிறங்கும்போது அக்காவின் குரல் பின்னால் வந்தது, "ஏழு, எட்டு, ஒன்பது." கீழ் அறையில் லைட் போடாமலே சார்ஜரைத் தடவினேன். "இருபத்திமூண்டு, இருபத்திநாலு." பற்றறி கையில் வந்தது. ஏறும்போது இரண்டு இரண்டு படியாகத் தாண்டினேன். மூச்சு வாங்கினாலும் அந்தக் குரல் நிற்கவில்லை. "நாற்பத்தொண்டு" என்னும்போது நான் ஏணியில் நின்றேன்.

பதினாறு ஸ்குறூ அடித்தேன். எட்டாவதோடு அக்கா கையை எடுத்தார். பலகை அசையவில்லை. இருவரும் கீழே இருந்து அதைப் பார்த்தோம். பிறகு அவர் குனிந்து தன் காலைப் பார்த்து, "ஐயோ, சப்பாத்தோட கதிரையில ஏறிப்போட்டன்!" என்றார்.

தலை கழுவ நேரம் இல்லை. அப்படியே பஸ்சுக்கு ஓடினேன். "மிஸ் மலர், உங்களுக்கு மட்டும் பனி பெய்ததா?" என்று ஒரு பெட்டைக்குட்டி கேட்டாள். பஸ் முழுக்கச் சிரிப்பு.

வீட்டுக்குத் திரும்ப ஐந்து மணி. சுபோதினி வந்து மணி அடித்திருக்கிறாள், அக்கா அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார். குசினியில் கணவாய்க் கறி வாசம். பிரிட்ஜைத் திறந்து பார்த்து, தானே வெட்டி, தானே சமைத்திருக்கிறார்.

"உனக்குத்தான் கணவாய் ஒத்துவராதே. ஆருக்கு வாங்கினனி?" என்று கேட்டார்.

"கிருபாவுக்கு" என்றேன்.

"அவர் சாப்பிடமாட்டார் எண்டு எனக்குத் தெரியாதோ?" என்று சொல்லிவிட்டு இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டார்.

மார்ச் 20, வியாழன்

அக்கா ஒன்பதரைக்கே வந்து வாசலில் நின்றார். சுபோதினியின் பழைய சட்டை, தலையில் துவாய். இருவரும் நாடா ஒட்டி, முதற்பூச்சுப் பூசினோம். அக்கா மட் பசையை அள்ளும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நான் பூசும் விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. "மெல்லிசா, மெல்லிசா" என்று நான் கத்த, "உனக்கு முதல் தோசை வாக்கப் பழக்கினது நான்" என்று அவர் கத்த, நேரம் நன்றாகப் போனது.

மார்ச் 21, வெள்ளி

இரண்டாம் பூச்சு. காயும்வரை கதிரையில் கால்நீட்டி இருந்து தேத்தண்ணி குடித்தோம். அக்கா கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அண்டைக்கு நான் சுவரில தட்டினது ஏன் தெரியுமோ? பாரிசில நாங்கள் ரெண்டு அறையில நாலு பேர். உன்ர வீட்டுக்குள்ள வந்து, மேலயும் கீழயும் அறை அறையாப் பாத்தன். வயிறு எரிஞ்சுது. என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை, தட்டினன்."

"இப்பவும் எரியுதோ?"

"இப்ப கைதான் எரியுது. உன்ர சாண்ட் பேப்பரால."

மார்ச் 22, சனி

கலியாணத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். எனக்கு அழைப்பே இல்லை. மண்டபத்தில் அத்தானின் சொந்தக்காரர் இருநூறு பேராவது இருக்கும். மேசை மேசையாகக் கூட்டிப்போய், "இது என்ர தங்கச்சி, இது என்ர தங்கச்சி" என்றார். ஒரு மனிசி, "உங்களுக்குத் தங்கச்சி இருக்கிறாவோ? ஒருநாளும் சொல்லேல்லையே!" என்று கேட்டுவிட்டார். அக்கா ஒரு கணம் தடுமாறினார். பிறகு, "அதுதான் இப்ப சொல்லுறன்" என்றார்.

மார்ச் 23, ஞாயிறு

மூன்றாம் பூச்சை வெள்ளியிரவே நான் பூசிவிட்டேன். இன்று தேய்த்தோம், முதல் வெள்ளை அடித்தோம். மத்தியானம் கிருபா வந்தார். நாங்கள் இருவரும் தலை முதல் கால்வரை மா பூசின மாதிரி நின்றோம். முதலில் அக்காவைப் பார்த்தார். பிறகு சீலிங்கைப் பார்த்தார். எதைப் பற்றி முதல் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"வாங்கோ மச்சாள்" என்று மட்டும் சொல்லி, பையை வைத்தார்.

"உங்களை ஒரு இடத்திலயும் காணேல்லை, நாங்கள் செய்திட்டம்" என்றார் அக்கா.

கிருபா மேசைக்குப் பக்கத்தில் போய் நின்று, அண்ணாந்து, நெடுநேரம் பார்த்தார். "நான் செய்திருந்தால் இப்பிடி வந்திராது" என்றார். இந்தக் கலியாண வாழ்க்கையில் இப்படி ஒரு வாக்குமூலம் இதுவே முதல்.

மார்ச் 25, செவ்வாய்

அக்கா போய்விட்டார். காலை ஓட்டம் முடித்து எயர்போட்டுக்கு நேரே போனேன். உள்ளே போகும்வரை அது சரியில்லை, இது சரியில்லை என்று ஏசினார். பூச்சு வேலையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. "உந்த மூலை கொஞ்சம் தடிப்பு" என்பதுதான் கடைசிச் சொல். நான் காருக்குள் இருந்து கொஞ்சம் அழுதேன். சந்தோசத்தில்தான். பிறகு பார்க்கிங் நேரம் முடிந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலை பிரான்ஸ் நம்பர் ஒன்றில் இருந்து போன். அக்கா என்று எடுத்தேன். வேறு ஒரு குரல்.

"வணக்கம். யோகமலர் அக்காதானே? என்ர பேர் நாகநந்தினி. பாரிசில தையல்கடை வச்சிருக்கிறன். தவமக்கா தந்த நம்பர். கரைச்சல் குடுக்கிறதுக்கு மன்னிக்கோணும்."

"சொல்லுங்கோ."

"எங்கட கடைச் சீலிங் ஊறி விழுந்துட்டுது. இஞ்ச ஆரும் கெதியா வாறேல்லை. தவமக்கா சொன்னவ, என்ர தங்கச்சியைக் கேள், கனடாவில உந்த வேலைக்கு அவளுக்கு மிஞ்சி ஆளில்லை எண்டு."

நான் கதிரையை இழுத்து இருந்தேன்.

"அக்கா அப்பிடியோ சொன்னவ?"

"எனக்கு மட்டுமே? கோயிலில, கடையில, எல்லா இடத்திலயும் இதுதான் கதை. பெரிய வீடாம். தங்கச்சி தன்ர கையால சீலிங் போட்டவவாம். எங்க ஓட்டை இருந்ததெண்டு எஞ்சினியர் வந்தாலும் கண்டுபிடிக்கேலாதாம். நீங்கள் அந்தத் துறையில படிச்சனீங்களோ அக்கா?"

கிருபா குசினியில் இருந்து எட்டிப் பார்த்து, யார் என்று சைகையால் கேட்டார். பொறுங்கோ என்று கையைக் காட்டினேன். கொஞ்சம் தண்ணீர் குடித்தேன். மேசையில் கிடந்த பென்சிலையும் ஒரு கடதாசியையும் எடுத்தேன்.

"தங்கச்சி, முதல் அவசரப்பட்டு ஒண்டையும் அடைக்காதேங்கோ" என்றேன். "ஒழுக்கு நிண்டுட்டுதோ? சரி. இப்ப ஏணியில ஏறி, மேல மரச்சட்டம் எந்தப் பக்கம் ஓடுது எண்டு பாத்துச் சொல்லுங்கோ. பாக்கேக்க ஏணியைப் பிடிக்க ஒராளைக் கூப்பிடுங்கோ."